முதல் சர்வீஸ்: டீலரா, வெளி மெக்கானிக்கா, சொந்தக் கையா?

புது மோட்டார் சைக்கிளின் முதல் சர்வீஸ் பில்லைப் பார்த்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: ஆயில் மாற்றியதற்கா இவ்வளவு? நியாயமான கேள்வி. பெரும்பாலான வண்டிகளுக்கு 500 முதல் 1000 கி.மீ.க்குள் வரும் இந்த சர்வீஸில் புதிதாகப் போடும் பொருள்கள் மூன்றே மூன்று: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷர். மீதி எல்லாம் பார்ப்பது, இறுக்குவது, அளவு வைப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சர்வீஸ் டீலரிடம். இரண்டாவதிலிருந்து சொந்தக் கை. என் வண்டிக்கு இப்படித்தான் வைத்திருக்கிறேன். டீலர் கடை மெக்கானிக் நம்மைவிட நன்றாகச் செய்வார் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அல்ல இது. காரணம் வேறு, அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். சின்ன ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு ஒரு லிட்டர் ஆயில் போதும். 1000 சிசி வகுப்பு நான்கு சிலிண்டர் வண்டிக்கு 3 முதல் 4 லிட்டர் வரை போகும். சின்ன வண்டியில் ஆயில்தான் பில்லின் பெரிய செலவு, பெரிய வண்டியில் லேபர், அதாவது வேலைக்கூலி. இந்த லேபர் பெரும்பாலும் மெக்கானிக் உண்மையில் உழைத்த நேரத்துக்கு அல்ல. கம்பெனி வகுத்த நேரப் பட்டியல் ஒன்று இருக்கும்; அந்த மாடலுக்கு அந்த சர்வீஸ் இத்தனை மணி என்று அதில் உள்ளபடி பில் போடுவார்கள். வேலை அரை மணியில் முடிந்தாலும் பட்டியல் நேரத்துக்கே பணம். ‘முதல் சர்வீஸ் இலவசம்’ என்றால் வழக்கமாக இந்த லேபர் மட்டும்தான் இலவசம்; ஆயிலும் ஃபில்டரும் உங்கள் கணக்கு.

ஒரே அளவு எஞ்சின் கொண்ட இரண்டு வண்டிகளின் முதல் சர்வீஸ் செலவு பெரிதும் வேறுபட்டால், பெரும்பாலும் அதற்குக் காரணம் வால்வு கிளியரன்ஸ், அதாவது டேப்பெட் அளவு: வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய சிறு இடைவெளி. சில வண்டிகளுக்கு முதல் சர்வீஸ் பட்டியலிலேயே இது வரும். ஹோண்டா குரோம் மாதிரி சின்ன 125 சிசி வண்டிகளில் 1000 கி.மீ.யிலேயே பார்க்கச் சொல்கிறார்கள். யமஹா எம்டி-07ல் இந்த வேலை 40,000 கி.மீ. வாக்கில்தான் வரும். ஹார்லி-டேவிட்சனின் பெரிய வி-ட்வின் எஞ்சின்களில் இந்த இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் இந்த வேலையே கிடையாது. ஆனால் அங்கே எஞ்சின், பிரைமரி (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குச் சக்தி கடத்தும் செயின் பெட்டி), கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில். மூன்றும் 1600 கி.மீ.யில் மாறும். அதனால் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி “முதல் சர்வீஸ் எவ்வளவு?” அல்ல. “முதல் சர்வீஸில் டேப்பெட் பார்ப்பது உண்டா, எத்தனை ஆயில் மாறும்?” என்று கேளுங்கள், தொகை தானாக விளங்கும்.

டேப்பெட் உண்டு என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அளவை எஞ்சின் குளிர்ந்த பிறகே எடுக்க வேண்டும். பல கையேடுகள் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் என்கின்றன. வண்டியை ஓட்டிக்கொண்டு போய் விட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்ப வாங்கினீர்கள் என்றால் டேப்பெட் சரியாகப் பார்க்கப்படவில்லை. முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுவது நல்லது. புது எஞ்சினில் வால்வு தன் இருக்கையில் அமர அமர இடைவெளி குறையும். லேசாகத் தட்டும் வால்வைவிட, சத்தமே இல்லாமல் இறுகிப்போன வால்வுதான் எஞ்சினைக் கெடுக்கும். முழுதாக மூடாத எக்ஸாஸ்ட் வால்வு சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் கருகிவிடும்.

இனி, டீலர் பக்கம் நான் சாய்வதற்கான காரணம். கடைசியாக ஸ்பானர் வைத்தது யார் என்ற கேள்விதான் அது.

முதல் ஆயிரம் கி.மீ.யில் வெளிப்படும் கோளாறுகளில் பெரும்பகுதி தேய்மானத்தால் வருவதல்ல. தொழிற்சாலையிலோ, பெட்டியிலிருந்து எடுத்து வண்டியைப் பூட்டிய டீலர் கடையிலோ நேர்ந்த குறை. ஹேண்டில் தலை பேரிங் தளர்ந்திருப்பது, முன் ஃபோர்க் கிளாம்ப் போல்ட் சரியாக இறுகாதது, கம்பிச் சக்கரத்தில் ஸ்போக் தளர்வது, எஞ்சின் மூடியோரம் ஆயில் கசிவது, பிரேக் லைன் இணைப்பில் ஈரம். இவற்றை டீலரே கண்டுபிடித்தால் ஜாப் கார்டில் எழுதி, அதே கூரையின் கீழ் வாரண்டியில் சரிசெய்ய வேண்டியது அவர் பொறுப்பு. நீங்களோ வெளி மெக்கானிக்கோ கை வைத்த பிறகு அதே குறை தெரிந்தால், முதலில் வரும் பதில் “இதை யார் கழற்றினது?” என்பதுதான்.

டிரெயின் போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் அலுமினியம், போல்ட் எஃகு. அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும். சில சமயம் அது அப்போதே தெரியாது. அடுத்த முறை கழற்றும்போது அலுமினியச் சுருள் போல்ட்டோடு வரும். பிறகு மரையைப் புதுப்பிக்கும் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் போட வேண்டும், இல்லாவிட்டால் சம்ப்பையே மாற்ற வேண்டும். வண்டியை இதுவரை டீலர் மட்டுமே தொட்டிருந்தால் செலவு அவருடையது என்பதில் பேச்சே இல்லை. இடையில் ஒரே ஒரு முறை வேறு கை பட்டிருந்தாலும் கணக்கு குழம்பிவிடும்.

வெளியே சர்வீஸ் செய்ததற்காகவே வாரண்டியை மறுக்கக் கூடாது என்று சட்டம் காக்கும் இடங்கள் உண்டு. ஆனால் சட்டம் இருப்பது ஒன்று, கேரேஜ் கவுன்டரில் நின்று வாதாடுவது வேறொன்று. அதற்கு நீங்கள் காட்ட வேண்டியவை: ஓடோமீட்டர் அளவு தெரியும் படம், ஆயில் தரம் எழுதிய ரசீது, ஃபில்டர் பாகத்தின் எண், தேதி. இரண்டாவது சர்வீஸில் தவறு நடந்தால் பின்னால் ஈடுகட்டலாம். முதல் ஆயில் உரிய தூரத்தில் மாறியதா என்பதை 20,000 கி.மீ.யில் யாரும் எஞ்சினைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு அந்த ஒரு பதிவுதான் சாட்சி. வண்டியை விற்கும்போதும் வாங்குபவர் முதலில் தேடும் முத்திரை அதுவே.

கூடவே இன்னொரு பயன்: சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) பாக்கி, மென்பொருள் அப்டேட் இருக்கிறதா என்று டீலர் கணினியில் பார்க்கலாம். சர்வீஸ் விளக்கை அணைக்கச் சில வண்டிகளில் பட்டனை அழுத்தினால் போதும். சிலவற்றுக்கு டீலரின் கருவி வேண்டும்.

வெளி மெக்கானிக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அனுபவசாலியாக இருந்தால் வேலை சுத்தமாக இருக்கும், லேபரும் குறையும். ஆனால் முதல் சர்வீஸுக்கு மட்டும் அவரிடம் போவதில் இரண்டு பக்க நஷ்டமும் உண்டு. டீலரின் பொறுப்பு கிடைக்காது, சொந்தக் கையின் மிச்சமும் கிடைக்காது. டீலர் வெகுதொலைவில் இருந்தால் மட்டுமே இதை யோசிப்பேன்.

சொந்தக் கை நிஜமான போட்டி. டேப்பெட் இல்லாத சர்வீஸ் என்றால் கருவிகள் உள்ளவருக்கு ஒன்றரை மணி நேர வேலை. செய்பவர்கள் சறுக்கும் இடங்கள் இவை.

ஆயில் பாகுத்தன்மை கையேட்டில் உள்ளபடி. கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனையும் வண்டிக்கு ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரநிலை) எம்ஏ அல்லது எம்ஏ2 தரம் வேண்டும். உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஸ்கூட்டர் ஆயிலான எம்பி தரமும் அப்படியே. கையேட்டில் ஆயில் அளவு பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கும்: ஆயில் மட்டும் மாற்றினால், ஃபில்டரோடு மாற்றினால், எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால். நமக்கு வேண்டியது நடுவில் உள்ளது. மூன்றாவதைப் பார்த்து ஊற்றினால் அதிகமாகிவிடும். ஆயில் நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்குள் ஏறும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின் ஆயிலை இறக்குங்கள். முதல் ஆயிலில் வெள்ளி மினுக்கம் தெரிவது இயல்பு. கடைசலில் தங்கிய துகளும், ரிங்கும் கியர்ப் பற்களும் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்வதும்தான் அது. காந்த போல்ட்டில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தாலும் கவலை இல்லை. நகத்தில் சிக்கும் அளவு சில்லோ சுருளோ வந்தால் அதைத் துடைத்து எறியாமல் படம் எடுத்து, எடுத்து வைத்து, டீலரிடம் போங்கள்.

திருகும் வகை ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்று, அதன்மேல் புதிய ஃபில்டர் ஏறினால், ஆயில் அழுத்தம் வந்ததும் பீறிட்டுப் பின் டயரை நனைக்கும். புதிய வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு ஏறத்தாழ முக்கால் சுற்று. கையேட்டில் அளவு இருந்தால் அதன்படி. டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷரும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் கட்டாயம். 20 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் ஊகத்தில் இறுக்கக் கூடாது.

செயின் தொய்வு சாலை வண்டிகளில் பொதுவாக 25 முதல் 35 மி.மீ.; நெடும் சஸ்பென்ஷன் உள்ளவற்றில் கூடுதல். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங் அடி வாங்கும்.

செயினுக்குப் பதில் தண்டு சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் வண்டிகளில் என் கை அதிகம் பட்டதில்லை. பிஎம்டபிள்யூ பாக்சர் வண்டிகளில் பின்சக்கர கியர்ப்பெட்டி ஆயிலும் முதல் சர்வீஸிலேயே மாறும் என்பதால், அங்கே சொந்தக் கைக்கு ஆகும் நேரமும் செலவும் கொஞ்சம் கூடும்.

டீலரிடம் போவதென்று முடிவெடுத்தால் பில்லைக் குறைக்க வழி உண்டு. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். எஞ்சின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் சேர்மானம், பாலிஷ், டயரில் நைட்ரஜன் எதுவும் கையேட்டுப் பட்டியலில் இல்லை என்றால் வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். 1.4 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 2 லிட்டர் பில் போட்டால் மீதி உங்கள் ஆயில், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரையும் காட்டச் சொல்லுங்கள்.

வண்டியை எடுக்கும்போது அங்கேயே ஐந்து நிமிடம் செலவிடுங்கள். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மீண்டும் அதே அளவு நேரம் கழித்து, வண்டியை நேராக நிமிர்த்தி ஆயில் மட்டம் பாருங்கள். டிப்ஸ்டிக் என்றால் திருகி அளப்பதா, வெறுமனே வைத்து அளப்பதா என்பது கையேட்டில் இருக்கும். இதில் மாறினால் மட்டம் தவறாகத் தெரியும். டிரெயின் போல்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். பின் ஆக்ஸில் இருபுறமும் செயின் அட்ஜஸ்டர் கோடு ஒரே எண்ணில் நிற்கிறதா? முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் தலையில் ‘டக்’ என்று தட்டுகிறதா? தட்டினால் சாவியைத் திருப்பிக் கொடுத்து, அதையும் ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். 50 கி.மீ. ஓடியபின் எஞ்சின் அடியில் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.