ஒன்பது ஆண்டுத் தொடர்கல்வி: பரிசோதனை மேசை வரை வந்து சேர்ந்தவை

நாய், பூனைகளுக்கு மட்டும் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். 2016 முதல் ஓர் இணையவழித் தொடர்கல்வித் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டி வருகிறேன். அத்துடன் ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்முறைப் பட்டறைகளுக்குச் செல்வதும், புதிய சிகிச்சை வழிகாட்டுதல்கள் வெளியாகும்போது அவற்றை மூலத்திலேயே படிப்பதும் வழக்கம். இவற்றில் செலவிட்ட நேரத்தில் எவ்வளவு என் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை வைத்தே இந்த அனுபவத்தை எழுதுகிறேன். சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றைக் கொண்டு இதை அளக்க முடியாது.

முதலில் இதயத்தைப் பற்றிச் சொல்கிறேன். வயதான சிறிய நாய்களுக்கு வரும் மைட்ரல் வால்வுச் (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள வால்வு) சிதைவில், இதயம் பெரிதாகியும் செயலிழப்பு இன்னும் தொடங்காத நிலையில் பிமோபெண்டான் என்ற இதய மருந்தைக் கொடுத்தால், செயலிழப்போ இதய நோயால் மரணமோ நேரும் வரையிலான இடைநிலைக் காலம் (பாதி நாய்கள் அந்த நிலையை எட்டும் வரையிலான காலம்) 766 நாட்களிலிருந்து 1228 நாட்களாக நீள்கிறது என்று 2016-இல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. நான் சந்தா கட்டிய புதிதில் கேட்ட விரிவுரைகளில் ஒன்று இதைப் பற்றியதுதான். மருந்து புரிந்தது, அளவு புரிந்தது, எந்த நாய்க்குக் கொடுக்க வேண்டும் என்பதும் புரிந்தது. இடது மேலறைக்கும் பெருந்தமனிக்கும் உள்ள விகிதம் 1.6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது திரையில் ஒரே வரியில் வந்து போயிற்று. அந்த 1.6-ஐ மூச்சிரைக்கும் ஒரு நாயின் மார்பில் மீயொலிக் கருவியை வைத்து அளப்பது எப்படி என்பது மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு செய்முறைப் பட்டறையில்தான் என் பிழை வெளிப்பட்டது. என் கையில் 1.8 என்று வந்த நாயைப் பயிற்றுநர் அளந்தபோது 1.4 வந்தது. இடது மேலறைக்குள் வந்து சேரும் நுரையீரல் சிரையின் வாயையும் சேர்த்தே நான் கோடு இழுத்து வந்திருக்கிறேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துச் சற்றே திருப்பினார். பெருந்தமனி வால்வின் மூன்று இதழ்களும் திரையில் தெளிந்தன. வால்வு மூடியவுடன் படத்தை நிறுத்தி, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை அளக்கச் சொன்னார். அன்று நான்கு நாய்களை அளந்தேன். திரும்பி வந்ததும் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, தேவையில்லாமல் மருந்து தொடங்கியவையும் அவற்றில் இருந்தன. அந்த உரிமையாளர்களை அழைத்து, நாய்களை மறுபடி பரிசோதித்தேன். கையால் செய்யும் வேலையைக் காணொளி வழியே கற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்கு இந்த அனுபவத்தைத்தான் சொல்வேன்.

இதயத்துடிப்பு நின்றுபோன விலங்கை மீட்கும் இதய நுரையீரல் மீட்புப் பயிற்சியும் அப்படித்தான். இதற்கான ரெக்கவர் வழிகாட்டுதல்கள் 2012-இல் முதன்முதலாக வந்தன, 2024-இல் புதுப்பிக்கப்பட்டன. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், பக்கவாட்டில் படுத்திருக்கும் நாய்க்கு மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திய பின் நிமிடத்துக்கு 10 மூச்சு என்பவற்றை எங்கள் உதவியாளர்கள் அனைவரும் ஒப்புவிப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொம்மை நாயை வைத்து ஒத்திகை பார்க்கத் தொடங்கியபோது, மூச்சுப்பையைப் பிடித்திருந்தவர் பதற்றத்தில் நிமிடத்துக்கு முப்பது முறைக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு வேகமாகக் காற்றைச் செலுத்தினால் மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்துவிடும். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் எவருடைய கைக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது ஒருவர் வாய்விட்டு எண்ணுகிறார். ஆறு நொடிக்கு ஒரு மூச்சு. புதுப்பிப்பில் அதிக அளவு அட்ரினலின் கைவிடப்பட்டதை அறிந்த அன்றே அவசரப் பெட்டியில் ஒட்டியிருந்த பழைய அளவு அட்டையைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினோம். இத்தகைய மாற்றங்களுக்கு எழுத்து வடிவிலான வழிகாட்டுதலே போதும்.

புதிதாகக் கற்பதைவிடக் கடினமாக இருந்தது பழையதை விடுவதுதான். திடீர் வயிற்றுப்போக்குடன் வரும் நாய்க்கு மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதுவது பல ஆண்டுகளாக என் விரல்களில் ஊறிய பழக்கம். லேசான, மிதமான பாதிப்புகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் தாமாகவே சரியாகிவிடும். மெட்ரோனிடசோலோ குடலின் நல்ல நுண்ணுயிர்களை வாரக்கணக்கில் குலைத்துவிடுகிறது. எத்தனையோ விரிவுரைகள் இதைச் சொல்லின. ஆனால் கவலையோடு எதிரே அமர்ந்திருக்கும் உரிமையாளரிடம் மாத்திரை இல்லாமல் எப்படிப் பேசுவது என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானாகவே மூன்று வாக்கியங்களை எழுதி, மேசையின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன்: என்ன நடக்கிறது, வீட்டில் என்ன கொடுக்க வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் அன்றே திரும்பி வர வேண்டும். அதன் பிறகுதான் பழக்கம் மாறியது. சிறுநீர்ப்பை அழற்சிக்கு நான் 14 நாள் மருந்து கொடுத்து வந்ததும் இதே போலத்தான். எப்போதாவது வரும் சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாட்கள் போதும் என்று 2019-இன் வழிகாட்டுதல் சொல்கிறது.

இனி குறைகளைச் சொல்ல வேண்டும். நான் சந்தா கட்டும் தளத்தில் பதிவு செய்த விரிவுரைகளுக்குத் தேதி தெரியும்படி இல்லை. பூனைகளின் தொற்று வயிற்றறை அழற்சியான எஃப்ஐபி ஏறத்தாழ எப்போதும் உயிரைக் கொண்டுபோகும் நோய் என்று நாங்கள் படித்தவர்கள். ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அவற்றில் 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. வயிற்றிலோ மார்பிலோ நீர் கோக்கும் வகைக்கு 42 நாள் சிகிச்சையும் 84 நாள் சிகிச்சைக்கு இணையாகப் பலன் தந்ததை 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் 2021-இலும் அந்தத் தளத்தில், இந்நோய்க்குச் சிகிச்சையே இல்லை என்று சொல்லும் பழைய விரிவுரை புதியவற்றுக்கு நடுவே இருந்தது. அதை நம்பி ஒரு மருத்துவர் ஒரு பூனையைக் கைவிட்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்றும் என்னை வருத்துகிறது. நான் எழுதிக் கேட்ட பிறகு அந்த ஒன்றை நீக்கினார்கள். தேதி போடும் வேலை இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது.

மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் விரிவுரைகளையும் கவனமாகவே கேட்க வேண்டியிருக்கிறது. பூனைகளின் நீரிழிவுக்கு வாய்வழியாகக் கொடுக்கும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் நல்ல முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் பொருள்) ஏறி உயிருக்கு ஆபத்து வரலாம் என்பதையும், முன்பே இன்சுலின் பெற்றுவந்த பூனைக்கு இம்மருந்தைத் தொடங்கக் கூடாது என்பதையும் நான் கேட்ட ஒரு விரிவுரை ஒரு நிமிடத்தில் கடந்து போனது. எந்த நிறுவனச் சார்பும் இல்லாமல், ஒரு நோயாளியின் விவரங்களை வைத்து நடந்த விவாதத்தில்தான் இதைச் சரியாகப் புரிந்துகொண்டேன்.

எதிர்பாராமல் அதிகப் பயன் தந்தது ஒரு சிறிய பாடம். பூனையின் முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிடும் அளவுகோல் அது: காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநீக்கி தர வேண்டும். கருத்தடை முடிந்த ஒரு பூனை கூண்டின் பின்மூலையில் காதுகளைப் பக்கவாட்டில் விரித்து, கண்களைச் சுருக்கி, தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி அமர்ந்திருந்தது. முன்பெல்லாம் அதன் அட்டையில் ‘அமைதியாக இருக்கிறது’ என்று எழுதியிருப்போம். அன்று எங்கள் உதவியாளர் எண்ணிப் பார்த்து 6 என்றார். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அது முன்னே வந்து உணவை முகர்ந்தது. இப்போது இந்த மதிப்பெண்ணை என்னைக் கேட்காமலே அவர்கள் பதிவு செய்கிறார்கள்.

சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன், ஆனால் பயன்படுத்தும் விதம் மாறிவிட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், மூன்று மாதத்துக்கு ஒரே தலைப்பு, அதிலிருந்து சிகிச்சையில் செய்யப்போகும் ஒரு மாற்றம்; காலம் முடிந்ததும் நோயாளிப் பதிவுகளில் அந்த மாற்றம் தெரிகிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன். இந்தக் காலாண்டுக்குப் பல் பிடுங்கும்போது தாடை நரம்புக்குப் போடும் மரப்பு ஊசியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கான பட்டறை அடுத்த மாதம்; அதுவரை மண்டையோட்டு மாதிரியில் நரம்பு வெளிவரும் துளையை விரலால் தேடிப் பழகி வருகிறேன்.