85,500 ரூபாய் போனது: ‘செட்’ என்று ஃபேன் சுவிட்ச் விற்பவர்களிடம் கவனம்

நேற்று இரவுதான் கராஜில் கடைசிக் காசைக் கட்டினேன். வயிறு எரிகிறது.

காரின் ரேடியேட்டர் ஃபேன் சுவிட்ச், அதாவது தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓடவிடும் சுவிட்ச், செத்துவிட்டது. நுவரெலியாவில் கிடைக்கவில்லை. இணையத்தில் பழைய கார் சாமான் விற்கும் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் குரல் பதிவு: “அண்ணே, தெர்மோஸ்டாட்டையும் சேத்து மாத்திடுங்க. ரெண்டும் பொருத்தம் பாத்த செட். கண்ண மூடிக்கிட்டு போடலாம்.” தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு. சுவிட்சை உள்ளங்கையில் வைத்துப் படமும் வந்தது. மரை, பின் எல்லாம் என் பழையதைப் போலவே இருந்தன. “எத்தனை டிகிரி?” என்று கேட்டேன். “ஒங்க காருக்குள்ளதுதான் அண்ணே.” அந்த ‘அண்ணே’யை நம்பி 11,500 ரூபாயை வங்கியில் போட்டேன்.

மூன்றாம் நாள், அம்மாவைக் கண்டி கிளினிக்கிலிருந்து கூட்டி வருகிறேன். இறம்பொடைக்கு மேலே ஒரு லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தோம். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போயிற்று. ஃபேன் சத்தமே இல்லை. ஓரங்கட்டுவதற்குள் பானட் இடுக்கெல்லாம் ஆவி. தூறலில் அம்மா ஒன்றரை மணி நேரம் வீதியோரத்தில் நின்றார். எஞ்சினின் ஹெட் காஸ்கட் போய், அதன் மேல்மூடியான ஹெட்டும் வளைந்திருந்தது. அதற்கு 74,000. மொத்தம் 85,500 ரூபாய்.

கராஜ் பாஸ் (மெக்கானிக்) கழற்றித் தந்த சுவிட்ச், தெர்மோஸ்டாட் இரண்டையும் வீட்டில் சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினேன். 82 டிகிரியில் தெர்மோஸ்டாட் வாய் திறந்தது. சரி. சுவிட்ச் போடுகிறதா என்று பார்க்க அதில் மல்டிமீட்டரைப் பிடித்தேன். எங்கள் ஊர் 1868 மீட்டர் உயரம், திறந்த சட்டியில் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். தளதளவென்று கொதித்தும் மீட்டர் அசையவில்லை. கரியைத் துடைத்துப் பார்த்தால் விளிம்பில் 100-95 என்று அடித்திருக்கிறது! 100இல் போட்டு 95இல் நிறுத்தும் சுவிட்ச். என் காரில் சுவிட்ச் இருப்பது ரேடியேட்டரின் அடியில். ஆறிய தண்ணீர்தான் அங்கே வரும். அது 100 ஆவதற்குள் எஞ்சின் எப்போதோ வெந்துவிடும். கம்பளையில் 90-85 என்று அடித்த ஒன்று கிடைத்தது. அதே சட்டியில் 90இல் மீட்டர் கத்தியது.

படங்களை அனுப்பினேன். முதலில், “ரேடியேட்டர்ல தண்ணி கொறஞ்சிருக்கும்.” அப்புறம், “மெக்கானிக் பிழையா பூட்டியிருப்பாரு.” மறுநாள், “எலக்ட்ரிக் சாமானுக்கு ரிட்டர்ன் இல்ல.” இப்போது ‘அண்ணே’யும் இல்லை. 85,500 ரூபாய் என்று எழுதியதைப் பார்த்தார்கள், பிளாக் செய்துவிட்டார்கள். 11,500ஐயாவது தா என்றுதான் கேட்டேன்.

வாங்குபவர்கள் சுவிட்சில் அடித்திருக்கும் இரண்டு எண்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காரின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். மரை பொருந்துவதை நம்பாதீர்கள். எண் குறைவாக இருந்தாலும் தொல்லைதான், ஃபேன் நிற்காமல் ஓடி மோட்டார் சீக்கிரம் தேயும். பூட்டுமுன் சட்டியில் போட்டுப் பாருங்கள். ‘செட்’ என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். என்னிடம் இருப்பது அந்தக் குரல் பதிவு மட்டும்தான், அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.