யூட்டாவில் டைனோசர் எலும்பு தோண்டும் டூருக்குப் பணம் கட்டும் முன்

யூட்டா மாநிலத்தில் ஹேங்க்ஸ்வில் பக்கம், "நீங்களே தோண்டலாம், எலும்பை வீட்டுக்கே கொண்டுபோகலாம்" என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குடும்பத்தோடு போய், தலைக்கு 180 டாலர் கொடுத்து ஏமாந்துவிட்டு வந்திருக்கிறோம்.

கைடு கூட்டிப்போனது ஃபேக்டரி பியூட் என்ற குன்றின் அருகே, கால் வைத்தாலே உதிரும் சாம்பல் நிற மேடுகளுக்கு. அது மான்காஸ் ஷேல் என்ற களிமண் பாறை. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் நடுவே கிடந்த கடலின் அடிச்சேறு. சிப்பி, அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்கடல் உயிர்), சுறாப்பல் கிடைக்கும். டைனோசர் தரையில் வாழ்ந்த பிராணி. எப்போதாவது ஒன்றின் உடல் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டிருந்தால்தான் உண்டு. அந்த வட்டாரத்தில் டைனோசர் எலும்பு ஏராளமாக இருப்பது மாரிசன் என்ற, சுமார் 15 கோடி ஆண்டுப் பழைய பாறையில். செம்மையும் பச்சையும் பட்டை பட்டையாகத் தெரியும்.

கைடு காட்டிய இடத்தில் மகள் பிரஷ்ஷால் தட்டிய கொஞ்ச நேரத்திலேயே விரல் நீளத் துண்டு ஒன்று வந்தது. அவள் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும்! கைடு அதை நாக்கில் ஒட்டிக் காட்டி "ஒட்டுகிறதா, அசல்" என்றார். (காய்ந்த களிமண்ணும் நாக்கில் ஒட்டும்.) உடைந்த முனையில் பஞ்சு மாதிரி நுண்துளைகள் இருந்தன, எலும்புதான். ஆனால் இடுக்கில் அப்பியிருந்த மண் செம்பழுப்பு. சுற்றிலுமோ வெறும் சாம்பல் நிற மண். ஓரத்தில் பசை காய்ந்து மினுங்கியது. எங்கிருந்தோ கொண்டுவந்து புதைத்துவைத்திருக்கிறார். ஒரு குழந்தையின் சந்தோஷத்தை வைத்து வியாபாரம் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் நில வரைபடத்தைப் பார்த்தால், அவர் "சொந்த நிலம்" என்ற இடம் கூட்டாட்சி அரசுடையது. அரசு நிலத்தில் முதுகெலும்புள்ள உயிர்களின் புதைபடிவத்தை அனுமதியில்லாமல் எடுப்பது 2009 சட்டப்படி குற்றம். அனுமதியும் ஆய்வுக்குத்தான் தருவார்கள். சிப்பி, இலைப் படிவம் போன்ற சாதாரணமானவற்றை மட்டும் சொந்தத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். துண்டை நில மேலாண்மை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "எலும்பு கிடைத்ததே, அப்புறம் என்ன?" என்று பதில். பிறகு போனையே எடுக்கவில்லை. ரொக்கமாக வாங்கியதால் வங்கியிலும் வழியில்லை. எனவே கார்டில் மட்டும் கட்டுங்கள். நிலம் யாருடையது, பாறை எது என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு அசல் எலும்பு காட்ட வேண்டுமென்றால் ஜென்சன் அருகே டைனோசர் தேசிய நினைவிடம் இருக்கிறது. பாறைச் சுவரில் சுமார் 1,500 எலும்புகள் கிடந்த இடத்திலேயே இருக்கின்றன, சிலவற்றைத் தொட்டும் பார்க்கலாம்.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்.