மருந்துப் பெட்டியைச் சரிபார்க்கும் செயலி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

என் தந்தைக்கு மருத்துவர் எழுதித்தரும் மருந்துகள் அசல்தானா என்று பார்ப்பதற்காக, பெட்டியின் மேலுள்ள சதுரக் குறியீட்டைக் கைபேசியால் படிக்கும் ஒரு செயலியை ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் (ஒரே தடவையில் தயாரான மருந்துகளுக்கு இடும் பொது எண்), காலாவதி நாள் ஆகியவற்றை உடனே பெரிய எழுத்தில் காட்டுகிறது. பொடி எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இது உண்மையிலேயே உதவி.

ஆனால் விவரங்களுக்குக் கீழே பச்சை நிறத்தில் வரும் ‘அசல்’ என்ற சொல்லை இப்போது நான் நம்புவதில்லை. சென்ற மாதம் வாங்கிய இரத்த அழுத்த மாத்திரையில் பெட்டியின் தொகுதி எண் ஒன்றாகவும் உள்ளிருந்த அட்டையின் எண் வேறாகவும் இருந்தும், செயலி பச்சையே காட்டியது. ஐயம் வந்து இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படித்தபோதும் அதே விடைதான் கிடைத்தது. அதாவது, தயாரிப்பாளரின் பதிவேட்டோடு எதையும் ஒப்பிடாமல், குறியீட்டுக்குள் எழுதியிருப்பதை மட்டுமே அது வாசித்திருக்கிறது. அசல் பெட்டியின் குறியீட்டை ஒருவர் அப்படியே நகலெடுத்து அச்சிட்டாலும் இதற்கு வேறுபாடு தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மருந்துச் சரிபார்ப்பு ஏற்பாட்டில் பெட்டிக்குப் பெட்டி தனி வரிசை எண் உண்டு. மருந்தாளுநர் மருந்தைக் கொடுக்கும்போது அந்த எண் பதிவேட்டில் முடக்கப்படுவதால், அதே எண்ணுடன் இன்னொரு பெட்டி வந்தால் எச்சரிக்கை எழும். சரிபார்ப்பு என்று சொல்லத் தகுந்தது அதுதான்.

அந்த மாத்திரைகளைத் தந்தைக்குக் கொடுக்காமல், பெட்டி, அட்டை, ரசீது மூன்றையும் மருந்தாளுநரிடம் காட்டினேன். அவர் மறுக்காமல் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு தொகுதியிலிருந்து தந்தார்.

இன்சுலினைப் பொறுத்தவரை எந்தக் குறியீடும் போதாது. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பின்னும் அதைப் பயன்படுத்தக் கூடாது. வழியில் அது வெயிலில் கிடந்ததா என்பதைப் பெட்டி சொல்லாது என்பதால், குளிர்பெட்டியிலிருந்து என் கண்முன் எடுத்துத் தரும் கடையில் மட்டுமே வாங்குகிறேன்.

காலாவதி நாளைப் படிக்கும் கருவி என்ற அளவில் செயலிக்கு 5க்கு 2 தருகிறேன். பதிவேட்டோடு இணைக்கும்வரை ‘அசல்’ என்ற அந்தச் சொல்லை நிறுவனம் உடனே நீக்க வேண்டும்.