ராக்வூலா, தென்னை நார்த்தூளா?

மண்ணில்லாமல் செடி வளர்க்க நினைப்பவர்களுக்கு, வேர் பிடிக்க எதைக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். ராக்வூல் என்பது எரிமலைப் பாறையைச் சுமார் 1500 டிகிரியில் உருக்கிப் பஞ்சுபோல் இழைத்தெடுப்பது. நெதர்லாந்தின் தக்காளிப் பசுமைக்குடில்களில் பெரும்பாலும் இதுதான். சத்து எதையும் பிடித்து வைக்காது. நாம் விடும் கரைசல் அப்படியே வேருக்குப் போகும். ஆனால் புதுக் கட்டியில் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7-க்கு மேல் இருக்கும். 5.5 அளவுக்குச் சரிசெய்த நீரில் ஊறவைத்த பிறகே விதை போட வேண்டும். காய்ந்த கட்டியை வெட்டும்போது முகக்கவசம் அவசியம். மட்காது என்பதால் பிறகு எங்கே கொட்டுவது என்பதே பெரிய தலைவலி.

தென்னை நார்த்தூள் நம் பொள்ளாச்சியிலேயே கிடைக்கிறது. 5 கிலோ கட்டியில் தண்ணீர் ஊற்றினால் பொலபொலவென்று உப்பி 70 லிட்டர் அளவுக்கு வந்துவிடும். கவனிக்க வேண்டியது உப்பு. கழுவாமல் நட்டால் இலை நுனி கருகும். நல்ல தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெளியேறிவிடும்.

சத்துக் கரைசல் ஓடும் குழாயில் கீரை வளர்ப்பவர்கள் நாற்று விட ராக்வூலையே வாங்குங்கள். தூள் உதிர்ந்து அடைக்காது. மொட்டைமாடியில் தக்காளி, மிளகாய் என்றால் நார்த்தூளைத்தான் சொல்வேன். விளைச்சல் முடிந்ததும் தோட்டத்து மண்ணிலேயே கலந்துவிடலாம்.