குமுளி மலைச்சாலையில் எரிவாயு ஃபிரிட்ஜ்

குமுளியில் வாடகைக்கு எடுத்த கேரவனில், 230 வோல்ட் மின்சாரத்திலும் எரிவாயுவிலும் இயங்கும் ஃபிரிட்ஜ் இருந்தது. கம்ப்ரசர் இல்லாமல், அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கியே குளிர்விக்கும் இவ்வகைக்கு வண்டி மட்டமாக நிற்பது அவசியம்; சரிவில் நின்றால் கரைசலின் ஓட்டம் தடைப்பட்டுக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சூடாகும் என்பதால், மட்டமான இடமே அரிதான இம்மலைநாட்டில் சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத்தான் இதை இயக்க முடிந்தது. சத்தம் அறவே இல்லை. ஆனால் குளிர்வதற்குப் பல மணி நேரம் பிடிப்பதால், முந்தைய இரவே மின்சாரத்தில் இயக்கிவிடுவது நல்லது; மீன் வாங்குவோர் கவனிக்க. பயணத்தின்போதும் பெட்ரோல் பங்க்கிலும் எரிவாயுவை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட வேண்டும். மழைச்சாரலுக்குப் பயந்து வெளிப்புறப் புகைத்துவாரத்தை அடைக்கவே கூடாது, ஏனெனில் அடைத்தால் உள்ளே சேரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. அதற்கான அலாரம் பொருத்தியிருந்தது பாராட்டத்தக்கது. வாயுக்கசிவு அலாரம் இல்லாதது பெருங்குறை.