பீர் கேமா, நாணயமா?

ப்ராசஸ் டிசைனை, அதாவது ஒரு வேலை எந்தப் படிகளில், யார் யார் கைமாறி நடக்க வேண்டும் என்று திட்டமிடுவதை, கட்டமும் அம்புக்குறியும் போட்டு நடத்தினால் மூன்றாவது ஸ்லைடிலேயே பாதி வகுப்பு தூங்கிவிடும். சரி, ஆடவைத்தே சொல்லிக்கொடுக்கலாம் என்றால், எல்லோரும் முதலில் கைகாட்டுவது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான பீர் கேமைத்தான். 1960களிலிருந்து ஆடப்பட்டு வருகிறது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நாலு பேர். பேச்சு கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். கடையில் வாரம் 4 பெட்டி பீர் கேட்ட வாடிக்கையாளர் ஆட்டத்தின் ஐந்தாம் வாரத்திலிருந்து 8 கேட்பார். அதற்குப் பிறகு மாற்றமே இல்லை. ஆனால் தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் பல மடங்கு எகிறிவிட்டு அப்படியே விழும். முடிவில் வாடிக்கையாளரின் ஆர்டரை ஊகித்து வரையச் சொன்னால், தொழிற்சாலைக்காரர் மலையும் பள்ளமுமாக வரைந்து வைப்பார். (பெயர் கல்லூரிக்கு உறுத்தினால் சோடா என்று மாற்றிக்கொள்ளுங்கள்.)

ஆனால் டிசைன் வகுப்புக்கு இது என் முதல் தேர்வு இல்லை. ஆர்டரும் சரக்கும் வந்துசேரும் தாமதமும் பேசக்கூடாத விதியும் ஆட்டத்திலேயே இறுகிப்போனவை. எது கெடுக்கிறது என்று தெரியும், அதைத் திருத்தி மறுபடி ஆடிப்பார்க்க நேரம் இருக்காது. ஒரு ஆட்டத்துக்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

அதனால் நான் நாணயத்தின் பக்கம். நாலு பேர், இருபது ஒரு ரூபாய் நாணயம், பழக்கமில்லாத கையால் ஒவ்வொன்றாகப் புரட்டி அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். முதல் சுற்றில் இருபதையும் முடித்த பிறகே தள்ளலாம். நாலாவது ஆள் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பார். நாணயத்துக்கு ஒரு விநாடி என்றால் மொத்தம் 80 விநாடி. ஐந்தைந்தாகத் தள்ளினால் 35, ஒவ்வொன்றாகத் தள்ளினால் 23. வேடிக்கை என்னவென்றால், கடைசிச் சுற்றில் தனித்தனி ஆளின் நேரம் பெரும்பாலும் கூடியிருக்கும். "நான் மெதுவாகத்தானே செய்தேன், எப்படி சார் சீக்கிரம் முடிந்தது?" என்று யாராவது கேட்பார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம் ஆளை இடம் மாற்றுவதா, இரண்டு வேலையை ஒன்றாக்குவதா என்று அவர்களே மாற்றி மாற்றி ஆடுவார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் போதும்.

கணினியில் என்றால் ஸ்டான்ஃபோர்டில் உருவான லிட்டில்ஃபீல்ட் என்ற கற்பனைத் தொழிற்சாலையை நடத்தும் ஆட்டம் இருக்கிறது. இயந்திரம் வாங்கலாம், விற்கலாம், பல நாள் ஓடும். இறுதியாண்டுக்கு அருமை. ஆனால் கட்டணம் உண்டு, காத்திருப்பு வரைபடக் கோடாகத்தான் தெரியும். முதல் வாரத்தில் வேண்டாம். நாணயத்தைப் புரட்டியவர்களிடம் பிறகு கொடுத்தால், அந்தக் கோடு ஏறும்போதே எந்த மேசையில் குவிகிறது என்று தேடுவார்கள்.